இறங்கிய விலை எங்கள் வீட்டுக்கு வரவில்லை: ஒன்றிய நிதி, பெட்ரோலியத் துறை அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர், மாண்புமிகு ஒன்றியப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் ஆகிய இருவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் 7-ஆம் தேதி மாலை ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு அறிவிப்புகளே இந்த மடலை எழுத வைத்தன. வீட்டு உபயோகச் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றுக்கு 50 ரூபாய் உயர்வு; பெட்ரோல், டீசல் மீது ஒன்றிய அரசு விதிக்கும் உற்பத்தி வரியான கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் உயர்வு. இரண்டும் மறுநாள், ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதே வாரத்தில்தான் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் நான்கு ஆண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கி, பீப்பாய்க்கு 65 டாலருக்கும் கீழே போயிருந்தது. அந்தச் செய்தியைக் காலையில் படித்துவிட்டு, பெட்ரோல் விலை ஒரு ரூபாயாவது குறையும் என்று என் கணவரிடம் சொல்லியிருந்தேன். மாலையில் வந்த அறிவிப்பை அவரிடம் வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெய் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தை நாங்கள் சுமக்கிறோம். அது இறங்கும்போது, அந்த இறக்கத்தை வரியாக எடுத்துக்கொள்ளாமல் எங்கள் வீடு வரை வர விடுங்கள். இதைத் தவிர வேறு சலுகை எதையும் இந்த மடலில் நான் கேட்கவில்லை.

திருமணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதி வருகிறேன். ஆகவே இங்கே எழுதுபவற்றில் வீட்டைப் பற்றிய எண்கள் அந்த நோட்டிலிருந்து வருபவை. வரியைப் பற்றிய எண்கள் தங்கள் அரசு வெளியிட்டவை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் மாமியாருக்கு வயது 71. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலையில் எழுந்ததும் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து, அரை மணி நேரம் ஒத்தடம் கொடுத்தால்தான் சுவரைப் பிடிக்காமல் அவரால் நடக்க முடியும். 2022 ஜூலையில் சென்னையில் சிலிண்டர் விலை 1,068 ரூபாய் 50 காசைத் தொட்ட மாதத்தில், ஒருநாள் அவராகவே, “ஒத்தடம் இனிமே வேண்டாம்மா, வலி விட்டுப்போச்சு” என்றார். வலி விடவில்லை என்பது அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கும்போதே தெரிந்தது. முந்தைய இரவு நான் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

சிலிண்டர் மாற்றும் நாளை நாள்காட்டியில் குறித்து வைப்பது என் வழக்கம். ஒத்தடம் கொடுத்த காலத்தில் ஒரு சிலிண்டர் எங்களுக்கு 41 நாள் வந்தது. ஒத்தடத்தை நிறுத்திய பிறகு 43 நாள் வந்தது. ஒன்றரை மாதம் ஒரு மூதாட்டி வலியை மறைத்துக்கொண்டு நடந்ததில் மிச்சமானது இரண்டு நாள் எரிவாயு. இன்றைய விலையில் கணக்கிட்டால் நாற்பது ரூபாய். தாங்கள் இப்போது உயர்த்தியிருப்பது ஐம்பது ரூபாய்.

2023 ஆகஸ்ட் இறுதியில் சிலிண்டருக்கு 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல நான் மறக்கவில்லை. அந்தக் குறைப்புக்குப் பிறகுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒத்தடம் கொடுக்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். இந்த ஏப்ரல் 8-ஆம் தேதி மாலை அடுப்படி வாசலில் வந்து நின்று, “ஐம்பது ரூபா ஏறிடுச்சாமே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் நான் எழுவதற்கு முன்பே அந்தத் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டார். இதை எழுதும் வரை அது அங்கேதான் கிடக்கிறது. எடுத்துவந்து நனைத்தால் அவர் காலை இழுத்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 8 அன்று சிலிண்டர் சென்னையில் 818 ரூபாய் 50 காசிலிருந்து 868 ரூபாய் 50 காசானது. ஐம்பது ரூபாய் பெரிய தொகையா என்று டெல்லியில் யாருக்காவது தோன்றியிருக்கக்கூடும். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் நடக்கும் கணக்கு எல்லாமே இருபது, முப்பது, ஐம்பது ரூபாய்க் கணக்குதான் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மானியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-இல் ஏறக்குறைய 400 ரூபாய்க்கு மானிய விலையில் சிலிண்டர் கிடைத்தது. 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் முழு விலையைக் கொடுத்து வாங்குங்கள், மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்றீர்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இணைக்கச் சொன்னீர்கள். கைக்குழந்தையோடு வரிசையில் நின்று இணைத்தேன். சில ஆண்டுகள் பணம் வந்தது. பிறகு குறைந்துகொண்டே போய், என் பாஸ்புக்கில் இருபத்து நான்கு ரூபாய் சொச்சமாகி, ஒரு மாதம் அதுவும் வராமல் நின்றது. நிறுத்தப் போகிறோம் என்று எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. இன்று, ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வாலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் மானியம் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பதைப் பறித்து எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்பவள் அல்ல நான். அவர்களுக்கும் இதே ஐம்பது ரூபாய் ஏறியிருக்கிறது. ஆனால் உஜ்வாலாவுக்குத் தகுதி பெறும் அளவுக்கு ஏழையாகவும் இல்லாமல், விலையைப் பொருட்படுத்தாத அளவுக்கு வசதியாகவும் இல்லாமல் நடுவில் இருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனி பெட்ரோல். என் கணவர் வேலைக்குப் போகவும் வரவும் நாளொன்றுக்கு 36 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார். அவருடைய வேலை நேரத்துக்குப் பேருந்து இல்லை. மாதத்துக்கு 20 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. 2014 மே மாதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. அந்தக் கணக்கில் 20 லிட்டருக்கு 189 ரூபாய் 60 காசு. இந்த ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு வரி 21 ரூபாய் 90 காசு; 20 லிட்டருக்கு 438 ரூபாய். மாநில வரி இதற்கு மேல் தனி.

இந்த இரண்டு ரூபாய் உயர்வால் சில்லறை விலை ஏறாது, எண்ணெய் நிறுவனங்களே அதை ஏற்கும் என்று அறிவித்தீர்கள். பெட்ரோல் பங்கில் விலை மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் கச்சா எண்ணெய் அவ்வளவு இறங்கிய வாரத்தில் விலை மாறாமல் நின்றது என்றால், குறைந்திருக்க வேண்டிய இரண்டு ரூபாயை நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம். எரிவாயு விற்பனையில் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட 43,000 கோடி ரூபாய் இழப்பை ஈடுகட்டவே இந்தக் கலால் உயர்வு என்று பெட்ரோலிய அமைச்சர் விளக்கம் அளித்தார். அந்த இழப்புக்காகச் சிலிண்டரில் ஐம்பது ரூபாயும், அதே இழப்புக்காகப் பெட்ரோலில் லிட்டருக்கு இரண்டு ரூபாயும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே சம்பளத்திலிருந்து போகின்றன. இதைத் தயவுசெய்து இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

இது முதல் முறையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2014-இல் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தது. 2014 நவம்பரிலிருந்து அந்த ஜனவரி வரை கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தினீர்கள். 2020-இல் ஊரடங்கில் உலகமே முடங்கி, ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. மே முதல் வாரத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி உயர்ந்தது. அந்த மாதம் என் கணவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் வரியைக் குறைத்தது உண்மை. ஆனாலும் 2014-இல் இருந்த இடத்துக்கு அது திரும்பவே இல்லை. 2020-21-ஆம் நிதியாண்டில் மட்டும் பெட்ரோல், டீசல் கலால் வரியாக 3.72 லட்சம் கோடி ரூபாய் வசூலானதாகத் தங்கள் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

சந்தையே விலையைத் தீர்மானிக்கட்டும் என்றுதான் 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலையில் விலை மாறும் என்றார்கள். 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை, ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்து முடியும் வரை, 137 நாள் விலை அசையாமல் நின்றது. மார்ச் 22-ஆம் தேதி ஏறத் தொடங்கி, பதினாறு நாளில் பதினான்கு முறை உயர்ந்து, லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. 2024 மார்ச் 15 அன்று இரண்டு ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. இவற்றை வரிசையாக எழுதும்போது என் கை சற்று அழுத்தமாகவே எழுதுகிறது, மன்னிக்க வேண்டும். தேர்தலுக்கு முன்பு விலையை நிறுத்திவைக்க முடியும் என்றால், தேர்தல் இல்லாத மாதத்தில் எங்கள் சுமையைக் குறைக்கவும் தங்களால் முடியும்.

டீசல் எங்கள் வீட்டில் யாரும் வாங்குவதில்லை. ஆனாலும் அதற்கும் நாங்கள்தான் பணம் கொடுக்கிறோம். 2022 ஜூனில் பள்ளி திறந்தபோது, டீசல் விலையைக் காரணம் காட்டி வேன் கட்டணம் ஒரு பிள்ளைக்கு 900 ரூபாயிலிருந்து 1,100 ஆனது. அதற்கு முந்தைய மாதம்தானே டீசல் குறைந்தது என்று வேன் ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை; மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் கைக்காசைப் போட்டு ஓட்டியதாகச் சொல்லி, பில்களை எடுத்துக் காட்டினார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. காய்கறி லாரிக்காரருக்கும் பால் வண்டிக்காரருக்கும் இதே போன்ற பில்கள் இருக்கும். டீசல் ஏறும்போது ஏறிய எதுவும் அது இறங்கும்போது இறங்கியதாக என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

மாநில அரசும் வரி விதிக்கிறதே, அவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அவர்களிடமும் கேட்கிறோம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. அது போதாது என்பதும் எங்கள் கருத்து. ஆனால் தாங்கள் வாங்கும் 21 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி 20 ரூபாய் 50 காசும் சிறப்புக் கூடுதல் வரி, சாலை மேல்வரி, வேளாண் மேல்வரி என்ற பெயர்களில் தங்களிடமே தங்குகிறது. குறைப்பதற்கு அதிக இடம் யாரிடம் இருக்கிறது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி என்பதும், போர் வந்தால் விலை ஏறும் என்பதும், சாலை போடவும் மருத்துவமனை கட்டவும் அரசுக்கு வருவாய் வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2022-இல் உக்ரைன் போரால் விலை ஏறியபோது முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்தோம். ஏற்றத்தில் எங்களைக் கூட்டாளியாக்கிக்கொண்ட தாங்கள், இறக்கத்திலும் அந்தக் கூட்டைத் தொடர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எரிவாயு விலையை மறுபரிசீலனை செய்வோம் என்று பெட்ரோலிய அமைச்சர் கூறியிருக்கிறார். அந்தச் சொல்லை நம்பியே கேட்கிறேன். அடுத்த பரிசீலனையில் இந்த ஐம்பது ரூபாயைத் திரும்பப் பெறுங்கள். ஏப்ரல் 8-இல் ஏற்றிய இரண்டு ரூபாய்க் கலால் வரியை நீக்கி, அந்தக் குறைப்பு பெட்ரோல் பங்கில் தெரியும்படி செய்யுங்கள். கச்சா எண்ணெய் இனி எப்போது இறங்கினாலும் அந்த இறக்கத்தை எங்களிடமும் வர விடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எரிவது மார்ச் 30-ஆம் தேதி மாற்றிய சிலிண்டர். மே 12-ஆம் தேதி வாக்கில் அது தீரும். அதற்குள் நல்ல செய்தி வந்தால், கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து வரும்போது என் மாமியாரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

பணிவுடன்,
வீட்டுக் கணக்கு எழுதும் ஒரு தமிழ்நாட்டுப் பெண்
ஏப்ரல் 2025