சர்க்கரையும் பூஞ்சையும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கிருஷ்ணகிரி நகரிலிருந்தும் பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது நீரிழிவாளர் நலச் சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களும் கண், பாதப் பரிசோதனை முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் பிற்பாதியில் நம் கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது பூஞ்சைத் தொற்று என்பதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

மாம்பழப் பருவம் முடியும் வேளையில் நம் உறுப்பினர் ஒருவர் வலது கண்ணை இழந்தார். அவர் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர். அவர் சொல்லச் சொன்னதால்தான் இதை இங்கே சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். லாரி ஏற்றும் நெருக்கடியில் வேளைக்குச் சாப்பிட முடியாமல் இன்சுலினை விட்டுவிட்டுப் போட்டவர், பிறகு அடியோடு நிறுத்திவிட்டார். ஒரு பக்கக் கன்னம் மரத்தது, மேல்வரிசைப் பல் ஆடியது, மூக்கு அடைத்தது. சைனஸ் என்று எண்ணி மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். இமை தொங்கி, பார்க்கும் பொருளெல்லாம் இரண்டாகத் தெரிந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் வந்த பிறகே மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே குளுக்கோமீட்டர் எண்ணைக் காட்டாமல் ‘ஹை’ என்று மட்டும் காட்டியதாம்.

அது மியூகார்மைகோசிஸ், அதாவது 2021இல் நாமெல்லாம் கருப்புப் பூஞ்சை என்று கேட்டுப் பயந்த அதே நோய். அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அப்போது நம் சங்கமும் ஒரு துண்டறிக்கை அச்சிட்டது. வெங்காயத் தோலின் கருப்பைத் தொடாதீர்கள் என்று அதில் எழுதியவன் நானே, அது தவறு. வெங்காயத்தின்மேல் படிவது ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் வேறொரு பூஞ்சை. இந்த நோயைத் தருவதோ பெரும்பாலும் ரைசோபஸ் வகை. அதன் வித்துகள் மண்ணிலும் எருக்குழியிலும் அழுகும் பழக்குவியலிலும் எப்போதும் இருப்பவை. நாம் அன்றாடம் சுவாசிப்பவை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. பூஞ்சையும் கருப்பு நிறமுடையதன்று. அது இரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைத்துவிட, இரத்தமின்றிச் செத்த தசைதான் கருத்துப்போகிறது.

அப்படியானால் மண்டியில் அத்தனை பேர் அதே காற்றைச் சுவாசிக்க, இவருக்கு மட்டும் ஏன் வந்தது? நம் கூட்டத்தில் பேசிய மருத்துவர் இதற்கு மட்டும் அரை மணி நேரம் செலவிட்டார். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, பூஞ்சையை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. இன்சுலின் அறவே குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் அமிலங்கள் சேர்ந்து இரத்தம் புளிக்கிறது. அந்த அமில நிலையில், புரதத்தோடு கட்டுண்டிருந்த இரும்புச்சத்து அவிழ்ந்து பூஞ்சைக்கு உணவாகிறது. கொரோனாக் காலத்தில் இத்தனை பேரை அது தாக்கியதற்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையும், அதை மேலும் ஏற்றிய ஸ்டீராய்டு மருந்துகளும் முக்கியக் காரணங்கள். கொரோனா ஓய்ந்ததோடு இதுவும் ஓய்ந்தது என்று நாம் இருந்துவிட்டோம்.

அவருக்கு ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு ஊசி பல வாரம் ஏறியது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து மட்டும் போதாது. இரத்த ஓட்டம் இல்லாத தசைக்குள் அது சென்று சேராது என்பதால், செத்த பகுதியை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். முதலில் அவர் வாங்கிச் சாப்பிட்டவற்றில் ஃப்ளூகோனசோலும் இருந்தது. வாய்ப்புண் பூஞ்சைக்குக் கேட்கும் அந்த மாத்திரை இதற்குக் கேட்காது. பறிபோன நாட்களைத்தான் அவர் இன்றும் சொல்லி வருந்துகிறார்.

இதையொட்டி உறுப்பினர்களிடம் விசாரித்ததில், பலரும் வெளியே சொல்லக் கூசும் சங்கதிகள் வந்தன. பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படிவும் கேண்டிடா பூஞ்சையால் வருவது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்கு அது கூடுதலாக வரலாம், மருத்துவரிடம் சொன்னால் தீர வழியுண்டு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கிப் பூசுவது நெருப்பைச் சாம்பலால் மூடுவது போன்றது. மூட்டுவலிக்கு என்று சந்தையில் வாங்கும் லேபிள் இல்லாத பொடிகளிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணை நாம் அற்பமாக நினைக்கிறோம். பாதத்தை அழுகவைக்கும் கிருமிகள் நுழைவது அந்த வெடிப்பு வழியாகத்தான். களி சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம் என்று இன்னும் வாதிடும் மூத்தவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானும் களி பிரியன்தான். ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்தே.

செயற்குழு எடுத்த முடிவுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பழைய துண்டறிக்கையைத் திரும்பப் பெற்று, முகத்தில் ஒருபக்க வலி அல்லது மரப்பு, மூக்கில் கருஞ்சளி, கண் வீக்கம், இரட்டைப் பார்வை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் புதிய அறிக்கை அச்சிடப்படும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வரும் அந்தப் பணியாளர்களிடம் புதிய அறிக்கை கொடுக்கப்படும். பருவ மாதங்களில் மண்டிக்கு அருகிலேயே வாரம் ஒருமுறை சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்யப்படும். இதற்கு இரு தன்னார்வலர் தேவை. கண்ணிழந்த உறுப்பினர் தாமே ஒருவராக வர ஒப்புக்கொண்டுள்ளார். மற்றவர் பெயரை இக்கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுப் பதிவு செய்யுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்