பல்லோடா, பல்லில்லாமலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவரோடு பல படங்களில் நடித்த வால்டர் பிரென்னனுக்கு ஒரு வரிகூடவா இல்லை?

1920களில் கூட்டத்தில் ஒருவராக, சில்லறை வேடங்களில் தொடங்கியவர் அவர். ஒரு விபத்தில் பற்கள் போயின. வேறொருவர் என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார். இவரோ வாய்ப்புக் கேட்டுப் போன இடத்தில், “பல்லோடா, பல்லில்லாமலா?” என்று கேட்பாராம். பல்செட்டைக் கழற்றினால் கிழவர், மாட்டினால் நடுவயதுக்காரர்! நாற்பதை ஒட்டிய வயதிலேயே தாத்தா வேடங்கள் தேடி வந்தன.

சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை 1936ஆம் ஆண்டுப் படங்களுக்காக முதன்முதலில் கொடுத்தபோது வாங்கியவர் இவர்தான். 1938, 1940 படங்களுக்கும் இவரே. அந்த மூன்றாவது படமான ‘தி வெஸ்டர்னர்’-இல் நீதிபதி ராய் பீனாக வந்து, கதாநாயகன் கூப்பரையே ஓரங்கட்டிவிட்டார் என்பது என் கட்சி. இத்தனைக்கும் துணை நடிகர்களுக்கு அப்போது முழுச் சிலைகூடக் கிடையாது, ஒரு பலகைதான்.

அடுத்த வாரம் அவருக்கும் நாலு பத்தி ஒதுக்குங்கள் சார்.

– ஒரு பழைய பட ரசிகன், திருநெல்வேலி