97 சதவீதம் என்றால் முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பழைய வீடியோ கேம்களை டீகம்பைல் செய்யும், அதாவது இயந்திர மொழியிலிருந்து நிரலைத் திரும்ப எழுதும் குழுக்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதுகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் கேமை ஒரு மென்பொருளுக்குள் போட்டால் மறுபக்கம் சோர்ஸ் கோட் (மனிதர் எழுதிய மூல நிரல்) வந்து விழுந்துவிடும் என்கிற மாதிரி ஒரு வரி வந்ததே, அங்கே காபி புரையேறிவிட்டது. அப்படி விழுவதாக இருந்தால் நான் ஏன் ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக, அதாவது நிரலின் ஒரு சின்னத் துண்டுக்காக, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்த்திருக்கிறேன்?

இயந்திர மொழியைப் பார்த்து சி என்ற நிரல் மொழியில் ஒரு உத்தேசக் கோடை எழுதித் தரும் கருவிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அது வெறும் முதல் வரைவு. அப்புறம் நடப்பதுதான் வேலை, அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கையால் சி கோட் எழுதி, அந்தக் கேமை அன்றைக்கு எந்தக் கம்பைலரில் (சி கோடை இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள்) செய்தார்களோ அதே கம்பைலரில் ஓட்டி, வரும் ஆப்ஜெக்ட் ஃபைலை (ஒரு சி ஃபைலிலிருந்து கிடைக்கும் இயந்திர மொழித் துண்டு) அசல் கேமிலிருந்து வெட்டி எடுத்த ஆப்ஜெக்ட் ஃபைலோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கவேண்டும். பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து, அதே தையல் மெஷினில், ஒவ்வொரு தையலும் அதே இடத்தில் விழுகிற மாதிரி இன்னொன்று தைத்துக் கொடு என்றால் டெய்லர் நம்மை எப்படிப் பார்ப்பார்? அந்த வேலைதான் இது.

1996-ல் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ 64-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 8 எம்பி கார்ட்ரிட்ஜ். அதைக் கம்பைல் செய்தது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் ஐடிஓ என்ற கம்பைலர். அது ஐரிக்ஸ் என்ற அவர்களுடைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும், அந்த மெஷின்கள் இன்று அநேகமாக யார் வீட்டிலும் இல்லை. முதலில் எமுலேட்டருக்குள் (பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) வைத்து ஓட்டினார்கள், பிறகு அந்தக் கம்பைலரின் இயந்திர மொழியையே சி-க்குப் பெயர்த்து இன்றைய கணினியில் ஓட வைத்துவிட்டார்கள். கேமைத் திரும்ப எழுதுவதற்காகக் கம்பைலரையே பெயர்த்த கூத்து! நல்லவேளையாக அந்தக் கேமின் அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளில் பெரும்பகுதி ஆப்டிமைசேஷன் (கம்பைலரே கோடைச் சீர்செய்து வேகமாக்குவது) இல்லாமலே கம்பைல் ஆகியிருந்ததால் வேலை கொஞ்சம் சுலபம். 1998-ல் வந்த ஸெல்டா, அதாவது ஆக்கரினா ஆஃப் டைம், அப்படி இல்லை. அதன் கோட் முழுவதும் மேட்ச் ஆக, அதாவது அசலோடு பொருந்த, 2021 நவம்பர் ஆனது.

சரி, முழு கேமையும் முழு கேமோடு ஒப்பிட்டால் போதாதா, ஏன் ஆப்ஜெக்ட் ஃபைல்? இந்தக் கேம்கள் ஓடிய நிண்டெண்டோ 64-ன் மிப்ஸ் சிப்பில் ஒரு கட்டளை, அதாவது ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் 4 பைட். நீங்கள் எழுதிய ஒரு ஃபங்ஷனில் ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் கூடிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் 4 பைட் தள்ளிப்போகும், அவற்றைக் கூப்பிடும் இடங்களிலெல்லாம் முகவரி மாறும், ஒப்பீட்டுத் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும், தப்பு எங்கே என்று தேடினால் தலை சுற்றும். ஆப்ஜெக்ட் ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் லிங்கர் (துண்டுகளைச் சேர்த்து முழு கேமாக்கும் மென்பொருள்) இன்னும் கை வைக்காத நிலை அது. முகவரி நிரப்பப்பட்டிருக்காது, இந்த இடத்தில் இன்ன ஃபங்ஷனின் முகவரியைப் போடு என்று ஒரு சீட்டு மட்டும் இருக்கும். ரீலொக்கேஷன் என்பார்கள். ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பெயரோடு பெயரை ஒப்பிடலாம். ஆப்ஜ்டிஃப் போன்ற கருவிகள் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபைலைச் சேமித்த கையோடு திரும்பக் கம்பைல் செய்து, எது மாறியது என்று வண்ணத்தில் காட்டுவது இதை வைத்துத்தான்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. நம் கையில் இருக்கும் அசல் கேம் லிங்கர் வேலை முடித்த பொருள், சீட்டெல்லாம் கிழித்துப் போட்டாயிற்று. அந்தச் சீட்டுகளை ஊகித்து மறுபடி ஒட்டித்தான் அசல் பக்கத்து ஆப்ஜெக்ட் ஃபைலையே உருவாக்குகிறோம். மிப்ஸில் ஒரு முகவரி இரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷனில் பாதி பாதியாகப் பிரிந்து கிடக்கும், எந்தப் பாதிக்கு எது ஜோடி என்று கருவி கண்டுபிடிக்கவேண்டும். சும்மா ஒரு எண் முகவரி மாதிரி தெரிந்து ஏமாற்றுவதும் உண்டு. அளவுகோலே கோணலாக இருந்தால் ஒப்பீடு என்ன சொல்லும்? சில சமயம் நம் கோட் சரியாகவும் எதிர்ப்பக்கம் தப்பாகவும் இருந்து நாள் கணக்கில் அலைக்கழிக்கும்.

என் ஃபங்ஷன் கதை இன்னும் கேவலம். எல்லா இன்ஸ்ட்ரக்‌ஷனும் ஒன்றுதான், வரிசையும் ஒன்றுதான், இரண்டு ரிஜிஸ்டர் (சிப்புக்குள் எண்களை வைக்கும் சின்ன இடங்கள்) மட்டும் இடம் மாறி நிற்கின்றன, எஸ்0 இருக்கவேண்டிய இடத்தில் எஸ்1. மாறிகளை அறிவித்த வரிசையை மாற்றிப் பார்த்தேன், ஒரு இடைமாறியைத் தூக்கினேன், திரும்ப வைத்தேன். இரண்டு வாக்கியங்களை ஒரே வரியில் எழுதினால்கூட ஐடிஓ வேறு கோட் தரும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. மாரியோ கோடில் இது ஒரே வரியில்தான் இருக்கவேண்டும் என்று எச்சரிக்கைக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கோடைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டு மேட்ச் ஆகிறதா என்று ராத்திரி முழுக்க ஓடும் பெர்மியூட்டர் என்ற கருவியும் இருக்கிறது. எனக்கு அது இதுவரை உதவவில்லை.

உங்கள் கட்டுரை ஒரு கேமை "97 சதவீதம் முடிந்தது" என்றது. எந்த 97? இந்தத் திட்டங்களில் மூன்று கணக்கு உண்டு. ஓரளவு ஒத்துப்போவதையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் ஒன்று. பைட்டுக்குப் பைட் பொருந்திய ஃபங்ஷன்களை மட்டும் எண்ணுவது இன்னொன்று. மூன்றாவது, அசல் துண்டைத் தூக்கிவிட்டு நாம் எழுதியதையே வைத்து லிங்க் செய்தாலும் அதே கேம் வருகிற ஃபைல்களின் கணக்கு. இதில் கடைசியைத்தான் நான் முடிந்த வேலை என்பேன். ஃபங்ஷன் எல்லாம் பொருந்தியும் ஃபைல் பொருந்தாமல் நிற்கும், டேட்டாவின் வரிசை ஒத்துவராததால். நிண்டெண்டோவின் அடுத்த கருவியான கேம்க்யூப் காலத்துக் கோட்வாரியர் கம்பைலரில், யாரும் கூப்பிடாத ஃபங்ஷனை லிங்கர் நீக்கிவிட்டாலும் அது பயன்படுத்திய தசம எண் மட்டும் டேட்டாவில் தங்கிவிடும். அந்த எண்ணை உரிய இடத்தில் உட்கார வைக்க, இல்லாத ஃபங்ஷனுக்கு ஒரு பேயை எழுதி வைக்கவேண்டியிருக்கிறது.

நூற்றுக்கு நூறு பொருந்தினாலும் "அசல் சோர்ஸ் கோட் மீண்டது" என்று தலைப்புப் போடாதீர்கள். வேறு வேறு மாதிரி எழுதிய சி கோட் ஒரே இயந்திர மொழியாக முடியலாம். பெரும்பாலான பெயர்களும் குறிப்புகளும் இன்று எழுதுகிறவர்கள் வைத்தவை. பொருந்துவதற்காக அர்த்தமே இல்லாத ஒரு வெற்று இஃப் (நிபந்தனை வரி) செருகியிருப்பார்கள், அதை ஃபேக் மேட்ச் என்று அவர்களே வெட்கத்தோடு சொல்லிக்கொள்வார்கள். ஒப்பீடு உறுதி செய்வது ஒன்றே ஒன்று: இந்தக் கோடைக் கம்பைல் செய்தால் அதே கேம் வரும், அன்றைய பிழைகள் உட்பட.

திருட்டு என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. மாரியோ, ஸெல்டா திட்டங்களின் கோட் களஞ்சியத்தில் படமோ இசையோ கிடையாது, நம்மிடம் உள்ள கேம் பிரதியிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பதையாவது சொல்லியிருக்கலாம். 2020 மே மாதம் நிண்டெண்டோ நடவடிக்கை எடுத்தது, ஓடத் தயாராகச் செய்து பரப்பப்பட்ட மாரியோவின் கணினிப் பதிப்பின் மேல்.

சோர்ஸ் கோட் தானாக வந்து விழும் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டால் போதும். என் ஃபங்ஷன் இன்று காலை வரை 98.4-ல் நிற்கிறது, அதை முடிந்தது என்று எங்கள் குழுவில் யாரும் எண்ணவில்லை.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகன்