முச்சந்திச் சுவருக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

ராயபுரத்தில் எங்கள் முச்சந்தியில் தினமும் உட்காருகிற, நிற்கிற, குடம் வைத்துக் காத்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

சுவர் ஓவியம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. முடிந்த அன்று மைக்கைப் பிடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாதிப் பேரை விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி இட்லிக் கடை ஆயாவுக்கு. நாங்கள் முதலில் போட்டு வைத்திருந்த படம் முழுக்கத் தலைவர்களின் முகங்கள். 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அந்த வரலாற்றைப் பெரிதாக வரைய வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. ஆயா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே, "அவங்களத்தான் எல்லா முக்குலயும் பாக்குறேனே தம்பி. எங்க கொடத்த யாரு வரைஞ்சா?" என்று கேட்டார். அன்று இரவே வேறு படம் போட்டோம். இன்று சுவர் நெடுக, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் 31 குடங்கள். எல்லாமே இந்தத் தெருக் குடங்கள்தான். ஒன்று வாய் உடைந்தது, ஒன்று கழுத்தில் ரிப்பன் கட்டியது, ஒன்றில் வீட்டுப் பெயரின் முதல் எழுத்து. "அது எங்களுது" என்று பிள்ளைகள் தொட்டுக் காட்டும்போதெல்லாம் ஆயாவை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து கொத்தனார் அண்ணன். பெயிண்டை வாங்கி வைத்துவிட்டு மறுநாளே அடிக்க இருந்தோம். அவர் சுவரைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் காட்டினார். உப்பு! கடல் காற்றும் ஓதமும் சேர்ந்தால் எங்கள் பக்கத்துச் சுவர்கள் எல்லாம் இப்படித்தான் பூக்கும். ஈரத்தோடு அடித்தால் கொப்புளம் வந்து உரிந்துவிடும் என்றார். போஸ்டரைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, 10 நாள் காயவிட்டு, அப்புறம்தான் பிரைமர். சாரத்தையும் அவரே கொடுத்தார். கூலி வாங்கவே இல்லை.

மீன்கார அக்கா ஒன்றுதான் கேட்டார்: "கூடை சாய்க்க எடம் வுடுவீங்களா?" அதனால்தான் கீழே மூன்றடி வரைக்கும் படம் கிடையாது, வெறும் அடர்நீலம். அங்கே கூடை சாயலாம், முதுகு சாயலாம், சைக்கிள் சாயலாம். அந்த மூன்றடிதான் எனக்கு இந்தச் சுவரிலேயே பிடித்த இடம்.

கேரம் கிளப் தம்பிகள் இரவெல்லாம் சாரத்துக்குக் காவல் இருந்தார்கள். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, நம் கிளப்பிலும் பெண் பிள்ளைகள் பலகைக்கு வருகிறார்கள். ஓரத்தில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற அந்தச் சின்னக் கை அவர்களுக்காக வரைந்தது.

கட்டம் போட்டுப் படத்தைச் சுவருக்கு ஏற்றித் தந்த ஓவிய மாணவர்களுக்கும், மூன்று ஞாயிற்றுக்கிழமை லாரியைத் தள்ளி நிறுத்திய டிரைவர் அண்ணனுக்கும், டீக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும் மனமார்ந்த நன்றி.

மீதி நீலம் அரை டப்பா கிளப் அலமாரியில் இருக்கிறது. மழைக்குப் பிறகு எங்காவது உப்பு பூத்தால் சுரண்டி, காயவிட்டு, யார் வேண்டுமானாலும் ஒரு கை பூசுங்கள். சாவி ஆயாவிடம்.

அன்புடன்,
சுவர் வரைந்தவர்கள் சார்பில்