பில்ட் டூல் எழுதுகிறவர்களுக்கு: கேட்காமல் டவுன்லோட் செய்யாதீர்கள்

எழுதிய கோடை ஓடக்கூடிய நிரலாக்கித் தரும் பில்ட் டூல்களை எழுதிப் பராமரிக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வருகிறேன். பிறர் எழுதி வைத்த ஒரு லைப்ரரியைத் தேடிப் பிடித்து, அது கேட்கிற இன்னொன்றைத் தேடி, அதற்கும் இரண்டு வேண்டும் என்று தெரிந்து தலையில் கைவைத்து உட்கார்ந்த காலத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பிழைப்பிலிருந்து மீட்டது நீங்கள்தான். எல்லாவற்றையும் திரும்பக் கையால் இறக்கச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: டவுன்லோட் ஒரு கட்டளை, பில்ட் வேறு கட்டளை. பில்ட் என்று தட்டினால் டூல் நெட் பக்கமே போகக் கூடாது. ஏதாவது குறைந்தால் “இது இல்லை, இந்தக் கட்டளையை ஓட்டி எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு நிற்கட்டும்.

ஏன் இவ்வளவு சூடு என்றால், மூன்று வருடமாக யாரும் தொடாத ஒரு ப்ராஜெக்டில் தேதி காட்டும் விதத்தை மாற்றச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி. மாற்றிவிட்டு பில்ட் கொடுத்தேன். வரிவரியாக ஓடிய பதிவு ஓர் இடத்தில் நின்றது, டவுன்லோடிங், பூஜ்யம் சதவீதம். நாலு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு சிவப்பில் விழுந்தது. என் கோடில் தப்பில்லை. ஏதோ ஒரு ப்ளகின் இருந்த சர்வரே இப்போது இல்லை. கடைசியில் சக ஊழியர் ஒருவரின் பழைய லேப்டாப்பில், முன்பு இறக்கியவை சேர்ந்து கிடக்கும் கேஷ் ஃபோல்டருக்குள் அந்த ப்ளகினின் ஜார் ஃபைல் கிடந்தது. பென்டிரைவில் எடுத்து வந்து போட்டேன். நள்ளிரவு ஆகிவிட்டது.

என் ஒருவன் கதை இல்லை இது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்கிற 11 வரிப் பொட்டலத்தை (பேக்கேஜை) எழுதியவரே, ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலங்களின் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, அதன் மேல் நின்ற பெரிய பெரிய ப்ராஜெக்டுகளின் பில்ட் எல்லாம் உடைந்தது. 2020 ஜனவரி 15 அன்று ஜாவா லைப்ரரிகளின் கிடங்கான மேவன் சென்ட்ரல், பாதுகாப்பில்லாத வெறும் ஹெச்டிடிபி இணைப்பை நிறுத்தியது. நல்ல முடிவுதான், ஆனால் பழைய முகவரியை பில்ட் ஃபைலில் வைத்திருந்தவர்களுக்கு, கோடில் யாரும் கை வைக்காமலே, முந்தின நாள் ஓடிய பில்ட் மறுநாள் ஓடவில்லை.

“எந்தப் பதிப்பு என்று பூட்டி எழுதி வைக்கும் லாக் ஃபைல் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. வருவது அதே பொருள்தானா என்று அது பார்த்துச் சொல்லும், வருமா என்று சொல்லாது. அதிலும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளை, என்னென்ன வேண்டும் என்று எழுதிய பேக்கேஜ் ஃபைலும் லாக் ஃபைலும் ஒத்துப்போகவில்லை என்றால் லாக் ஃபைலையே திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பிழை சொல்லி நிற்பது என்பிஎம் சிஐ கட்டளைதான். எத்தனை பேர் அதைத் தட்டுகிறோம்?

இறக்கியதோடு விட்டாலாவது பரவாயில்லை, இறக்கிய கையோடு ஓட்டவும் செய்கிறீர்கள். இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், என் யூசர் உரிமையோடு, என் டோக்கன்கள் (கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவிகள்) இருக்கிற ஃபோல்டர்களுக்குப் பக்கத்தில். 2025 செப்டம்பரில் என்பிஎம்மில் பரவிய ஷாய்-ஹுலுட் புழு இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. மாட்டியவரின் டோக்கனைத் திருடி, அதே டோக்கனை வைத்து அந்த ஆளின் மற்றப் பொட்டலங்களுக்குள்ளும் தன்னைச் சேர்த்து வெளியிட்டுக்கொண்டது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம், 10-ஆம் பதிப்பு முதல் டிபெண்டன்சிகளின் (நம் கோட் சார்ந்திருக்கும் பொட்டலங்களின்) இந்த ஸ்கிரிப்டுகளை நாம் அனுமதித்தால்தான் ஓட்டுகிறது. மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

கோ மொழிக்காரர்கள் மேல் எனக்குத் தனி வருத்தம். 1.16 பதிப்பில் பில்ட் கட்டளை, வேண்டிய பொட்டலங்களின் பட்டியலான மாட்யூல் ஃபைலைத் தானாக மாற்றுவதை நிறுத்தினார்கள், கைதட்டினேன். 1.21 வந்ததும், ப்ராஜெக்ட் புதிய பதிப்பு கேட்டால், கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரையே இறக்கிக்கொள்ளும் என்றார்கள். கம்பைலரையே!

புதிதாக வருகிறவர் ஒரே கட்டளையில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம். இரண்டையும் சேர்த்துச் செய்யும் கட்டளை ஒன்று இருக்கட்டும், பெயரிலேயே அது தெரியட்டும். முடியாத காரியம் ஒன்றும் இல்லை. டெபியன் லினக்ஸின் முதன்மைத் தொகுப்பில் பில்ட் நடக்கும்போது நெட்டைத் தொடக் கூடாது என்பது விதி. பல்லாயிரம் பொட்டலங்கள் அப்படித்தான் பில்ட் ஆகின்றன. நிக்ஸ் என்கிற பொட்டல மேலாளரில், ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரும். கார்கோ, கிரேடில், மேவன் என்கிற பில்ட் டூல்கள் எல்லாவற்றிலும், நெட் இல்லாமல் ஓட்டச் சொல்லும் ஆஃப்லைன் கொடி (கட்டளையோடு சேர்க்கும் விருப்பச் சொல்) ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தலைகீழாக்குங்கள், அவ்வளவுதான். நெட் வேண்டும் என்கிறவர் கொடி போடட்டும்.

அடுத்த ரிலீஸுக்கு முன் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பில்ட் கொடுத்துப் பாருங்கள். என்னுடைய ஐந்து ப்ராஜெக்டில் நான் பார்த்தேன், இரண்டுதான் ஓடின. விழுந்த மூன்றில் ஒன்றுக்கு வேண்டிய லைப்ரரி டிஸ்கிலேயே இருந்தது. பதிப்பு எண்ணின் கடைசியில் யாரோ கூட்டல் குறி போட்டிருந்தார்கள், ‘இருப்பதில் புதியதை எடு’ என்று அர்த்தம். கேஷுக்கு ஒரு நாள் தாண்டிவிட்டதால், புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று வெளியே பார்க்கப் போய், வழி கிடைக்காமல் விழுந்தது.

இப்படிக்கு,
உங்கள் டூல்களைத் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் ஒருவன்