ஜிக்மாஸ்டர் 500-க்கு வாங்கிய குறுகிய ஃபிரேம் பொருந்தாதது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: குறுகிய அலுமினிய ஃபிரேம், ஸ்பூல் செட்டுக்கான பணத்தைத் திருப்பித் தருதல், விரிசல் விட்ட சைடு பிளேட்டுக்கு ஈடு

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பென் நிறுவனத்தின் ஜிக்மாஸ்டர் 500 என்ற மீன்பிடி ரீலுக்கென்று நீங்கள் விற்கும் குறுகிய ஃபிரேமையும் (ரீலின் உடம்புச் சட்டம்) அதற்கான, நூல் சுற்றும் ஸ்பூலையும் ஒரே செட்டாக உங்களிடம் வாங்கினேன். பழைய ரீலின் இருபக்க மூடிகளான சைடு பிளேட்டுகளைக் கழற்றி அப்படியே மாட்டலாம், அரம் போட வேண்டியதில்லை என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தது. மாட்டினேன். திருகுகள் தளர்வாக இருக்கும்வரை ஸ்பூல் சுற்றுகிறது. இறுக்க இறுக்க நின்றுவிடுகிறது. எதிரெதிர்த் திருகுகளாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்கினேன். அப்படியும் இடப்பக்க பேக்லைட் (பழைய வகைக் கடினப் பிளாஸ்டிக்) பிளேட்டில் ஒரு திருகுத் துளையிலிருந்து விளிம்புவரை மயிரிழை விரிசல் ஓடிவிட்டது.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது வந்த பதில்: பிளேட் பழசு, கோணியிருக்கும், இடிக்கும் இடத்தில் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள், ஒருமுறை மாட்டிய ஃபிரேமைத் திரும்பப் பெறுவதில்லை. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில், பிளேட் கோணவில்லை. அதே பிளேட்டுகளை மறுபடியும் பழைய வளையங்களிலும் குறுக்குத் தண்டுகளிலும் பூட்டினேன். விரிசலோடுகூட, பழைய ஸ்பூல் தங்குதடையின்றிச் சுற்றுகிறது. கோளாறு ஃபிரேமில் இருக்கிறது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். பிளேட் உட்காரும் இடப்பக்க வட்ட வாயின் விட்டம் ஒரு திசையில் ஓர் அளவு, அதற்குச் செங்குத்தான திசையில் வேறோர் அளவு, வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர். திருகுத் துளைகளின் வட்டமும் மையத்திலிருந்து விலகியிருக்கிறது. திருகை முறுக்கும்போது அந்த விலகல் பிளேட்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பேக்லைட் வளையாது, உடையும். பழைய ரீல்களைத் தொட்டவர் எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

அலுமினியத்தின் மேல் பாதுகாப்புப் படலம் வளர்க்கும் பூச்சு முறையான அனோடைசிங் பற்றியும் கேட்க வேண்டும். கடின அனோடைசிங் படலம் பொதுவாக 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர், வரும். அதில் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள் போக, மீதி வெளியே வளரும். ஆகவே வட்டமான வாயின் விட்டம் சுமார் 0.05 மில்லிமீட்டர் குறையும். கடையும்போதே இதற்கு இடம் விட்டீர்களா? பூச்சுக்குப் பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் அளக்கிறீர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் உங்கள் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை.

தேய்த்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். தேய்த்தால் போவது அந்தப் பூச்சுதான். நான் பாயிண்ட் லோமாவிலிருந்து படகேறி கொரோனாடோ தீவுகளுக்கு எல்லோடெயில் மீன் பிடிக்கப் போகிறவன். உப்புத் தண்ணீரில், துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்குப் பக்கத்தில் வெறும் அலுமினியம் இருந்தால் மின்வேதி அரிப்பு அங்கேதான் தொடங்கும். ஒரு பருவத்தில் வெள்ளைப் பொடி பூத்து, திருகு துளைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு இந்த ஃபிரேமை யார் கழற்றுவது?

இதைவிடப் பெரிய ஆபத்து இடைவெளியில் இருக்கிறது. ஸ்பூல் ஒரு பக்கம் ஃபிரேமில் உரசுகிறது. நேரெதிர்ப் பக்கத்தில் 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக நுழைகிறது. குறுகிய ஃபிரேம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பிரெய்டு (பின்னிய மெல்லிய நூல்) சுற்றத்தானே வாங்குகிறார்கள்? 30 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன். 50 பவுண்டு பிரெய்டு சுமார் 0.36 மில்லிமீட்டர்தான். நைலானை வெளியே நிறுத்தும் இடைவெளி பிரெய்டுக்குத் திறந்த கதவு. மீன் ஓடும் நேரத்தில் நூல் ஸ்பூல் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தால் மீன் போகும், நூல் அறுபடும், கையை வைத்தால் விரலும் போகலாம்.

இந்த வேலையின் அருமை தெரிந்துதான் உங்களிடம் வந்தேன். பழைய ஜிக்மாஸ்டரின் வளையங்களும் தண்டுகளும் எத்தனையோ திருகுகளால் சேர்த்துக் கட்டியவை. அந்தக் காலத்து டிராக்குக்கு (மீன் இழுக்கும்போது நூலைத் தடுத்து விடும் பிரேக்) அது போதும். பென்னின் எச்டி-100 (HT-100) கார்பன் வாஷர் போட்டு டிராக்கை ஏற்றினால் உடம்பே முறுக்கும். பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் பெரிய கியரும் சரியாகக் கடிக்காது. ஒரே கட்டியில் கடைந்த ஃபிரேம் அதைத் தீர்க்கிறது. பிரெய்டு மெல்லியது என்பதால் அகலமான ஸ்பூலும் தேவையில்லை. அகலம் குறைந்தால் நூல் ஒரு ஓரத்தில் குவியும்போது தூண்டில் கோல் கையில் திருகிக்கொள்வதும் குறையும், கட்டைவிரலால் நூலைப் பரப்புவதும் சுலபம். பென் நிறுவனமே ஜிக்மாஸ்டரில் 501 என்ற குறுகிய ரீலைப் போட்டிருந்தது. ஆகவே யோசனை நல்ல யோசனை. ஆனால் ஃபிரேமின் மதிப்பு முழுவதும் அதன் துல்லியத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் நிற்காத ஃபிரேம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பழைய தண்டுகளைவிட மோசம்.

மாட்டிய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற உங்கள் விதியும் நியாயமில்லை. மாட்டாமல் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கலிபோர்னியாவின் சாங்-பெவர்லி நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் வாங்குபவருக்குத் தரும் உரிமையை இப்படி ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாது.

நான் கேட்பது: ஃபிரேமுக்கும் ஸ்பூலுக்கும் கொடுத்த முழுப் பணம், திருப்பி அனுப்பும் செலவு உட்பட. விரிசல் விட்ட பிளேட்டுக்குப் பதிலாக அதே காலத்து நல்ல பிளேட் ஒன்று, அல்லது அதன் சந்தை விலை. மாற்று ஃபிரேம் அனுப்ப விரும்பினால், பூச்சுக்குப் பிறகு எடுத்த அளவுகளை எழுதிக் கையொப்பத்துடன் சேர்த்து அனுப்புங்கள். அளவு இல்லாத ஃபிரேமை நான் பிரிக்க மாட்டேன். இதே தொகுதியில் ஃபிரேம் வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்களாகவே தகவல் சொல்ல வேண்டும். அவர்களிடமும் இருப்பது பழைய பிளேட்டுகள்தான்.

அளவெடுத்த படங்களும் விரிசலின் படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் கடன் அட்டை வங்கியிடம் தொகையை மறுத்து மனு கொடுப்பேன்; தேவைப்பட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சான் டியாகோ