செல்லியின் ஆபரேஷன் பற்றி சித்திக்கு

அன்புள்ள சித்தி,

"வாயில்லா ஜீவன், அதோட வயித்தக் கிழிக்க நாம யாரு?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வேலூர்ப் பக்கம் இதே தவிப்போடு பூனை வளர்ப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். உங்கள் பூனை செல்லிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

காட்பாடிக்கு வந்திருந்தபோது பார்த்தேனே. தரையில் புரண்டு, முன்னங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, நின்ற இடத்திலேயே பின்னங்காலால் மிதித்தபடி விடிய விடியக் கத்தியது. வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சினீர்கள். அது வலி இல்லை சித்தி, பருவம். கடுவனோடு சேராவிட்டால் ஒரு வாரத்தில் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் வரும். சேர்ந்தால் ஒன்பது வாரத்தில் குட்டி. அதுகளுக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடும்.

"ஒரு ஈத்தாவது போடட்டுமே, தாயாகிற பாக்கியம் வேணாமா" என்கிறீர்கள். உங்களுக்கு அது மனசை அறுக்கிறது, தெரியும். ஆனால் குட்டி போடவில்லையே என்று பூனை ஏங்குவதில்லை. ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதும் உண்மை இல்லை. பூனைக்கு மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. செல்லிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு, உயிரையே எடுத்துவிடும். கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும்.

அப்புறம், பிறக்கும் குட்டிகள் எங்கே போகும்? நாலு குட்டி என்றால் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள், ஒன்றை யாராவது கேட்பார்கள். மீதியை என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாலாற்றங்கரையில் கண் திறக்காத குட்டிகளைச் சாக்கோடு விட்டுப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் மூக்கால் தடவித் தடவி மடியைத் தேடிக்கொண்டிருந்தது. பாவம் என்றால் அதுதான் பாவம்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடலாமா என்று சித்தப்பா கேட்டாராம். வேண்டவே வேண்டாம். பருவத்தை அடக்கும் ஹார்மோன் மாத்திரையே பூனைக்கு அந்தச் சீழ் நோயையும் மார்புக் கட்டியையும் கொண்டுவரும்.

ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மயக்க மருந்து என்றாலே கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும். அதனால் முதலில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடம்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பூனைக்கு ஆபரேஷன் செய்து பழகிய டாக்டர்தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பருவத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், அது அடங்கிய பிறகு நாள் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் தள்ளாடும். பீரோ மேல், மாடிப்படி பக்கம் விடாமல் ஒரு அறையில் தரையிலேயே படுக்க வையுங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டை மாட்டுவார்கள். பாவமாக இருக்கிறதே என்று கழற்றிவிடாதீர்கள், பத்துப் பன்னிரண்டு நாள்தான். வலிக்குதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பாதி கூடக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம். பிற்பாடு உடம்பு போடும், சோற்றை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மடியில் வந்து படுப்பதெல்லாம் மாறாது.

நாள் குறித்ததும் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு முதல் நாள் ராத்திரியே வந்துவிடுகிறேன். எத்தனை மணிக்கு மேல் சோறு வைக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். வெயில் ஏறுவதற்குள் ஆட்டோவில் போய்விடலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்